அம்மிச்சிக்கு முட்டி ஆபரேஷனா? சிமென்ட்டுக்குள் இருக்கும் மருந்தைப் பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

பொள்ளாச்சி, கோபி, தாராபுரம்னு கொங்கு வட்டாரத்தில் எங்கே இருந்தாலும், முட்டி தேய்ஞ்சுபோச்சுன்னா பலரும் பஸ் ஏறுவது கோவைக்குத்தான். 1978-ல் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனை போல எலும்பு சிகிச்சைக்குப் பேர்போன இடங்கள் இங்கே இருக்கு. உங்க அம்மிச்சியும் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தயாராகிறாங்களா? அப்போ 'போன் சிமென்ட்' பற்றி நீங்க தெரிஞ்சுக்கணும்.

இது என்ன சிமென்ட்?

வீடு கட்டும் சிமென்ட் இல்லை, பி.எம்.எம்.ஏ எனப்படும் ஒருவகை பிளாஸ்டிக். பவுடரையும் திரவத்தையும் கலந்தால் மாவு போலாகி, சுமார் கால் மணி நேரத்தில் இறுகிவிடும். செயற்கை மூட்டை எலும்போடு அசையாமல் பிடித்துவைப்பது இதுதான்.

அதில் மருந்து எதுக்கு?

செயற்கை மூட்டில் கிருமி ஒட்டிக்கிட்டா, தன்னைச் சுற்றி வழவழப்பான படலம் கட்டிக்கும். அப்புறம் மாத்திரை, ஊசியால் அதை அழிப்பது ரொம்பக் கஷ்டம். ஒட்டும் முன்பே தடுக்கத்தான், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டாக்டர் புஹ்ஹோல்ஸ் சிமென்ட்டில் ஜென்டாமைசின் கலந்தார். 1970-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். சிமென்ட் இறுகும்போது சூடேறும். அதனால் சூடு தாங்கும் ஆன்டிபயாட்டிக்குகளை மட்டுமே கலப்பார்கள்.

எத்தனை நாள் வேலை செய்யும்?

உடலின் நீர், சிமென்ட்டின் நுண்துளைகளில் புகுந்து மருந்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும். முதல் சில நாட்களில் அதிகமாகவும், பிறகு சில வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகவும் வரும். பெரும்பகுதி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். 'அப்போ நிறைய கலக்கலாமே?' என்றால், சிமென்ட்டின் வலு குறைஞ்சிடும். வழக்கமாக 40 கிராம் பவுடருக்கு 0.5 முதல் 1 கிராம் வரைதான்.

நீங்க செய்ய வேண்டியது

ஆபரேஷனுக்கு முன்பே, மருந்து அலர்ஜி, கிட்னி பிரச்னை இருந்தால் டாக்டரிடம் சொல்லிடுங்க. எல்லோருக்கும் மருந்து கலந்த சிமென்ட் தேவையா என்பதும் டாக்டரின் முடிவுதான்.

முக்கியமாக, இந்த மருந்து ஆயுசுக்கும் காவல் இருக்காது. பல வருஷம் கழிச்சுகூட, காலில் ஆறாத புண், பல்லில் சீழ் என எங்கிருந்தாவது கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குப் போகலாம். முட்டி திடீர்னு வீங்கி, வலிச்சு, காய்ச்சலும் வந்தா, மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீங்க. மாத்திரை போட்டபின் டெஸ்ட் எடுத்தால், எந்தக் கிருமி என்பது சிக்காமல் போகலாம். நேரா ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.

'ஒண்ணுமில்ல கண்ணு, சரியாயிரும்'னுதான் அம்மிச்சி சொல்வாங்க. அதை மட்டும் நம்பிடாதீங்க!