எத்தனை பேப்பர்? ஆய்வாளரை எண்ணத் தொடங்கிய வரலாறு

கணினி அறிவியலில் பிஎச்.டி. செய்கிற நம் தம்பி தங்கைகளைப் பார்த்தால் யாரும் முதலில் கேட்பது, “எத்தனை பேப்பர்?” என்றுதான். என்ன ஆய்வு, யாருக்காக ஆய்வு என்பதெல்லாம் அப்புறம். பேப்பர் எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, ஹெச்-இண்டெக்ஸ் என்று சில எண்கள் ஒருவரின் வேலையைத் தீர்மானிக்கின்றன. எண்ணுக்குச் சாதி தெரியாது, ஆகவே இதைவிட நியாயமான அளவுகோல் கிடையாது என்று நம் தோழர்கள் சிலரே சொல்லக் கேட்கிறோம். அந்த அளவுகோல் யார் கையில் பிறந்தது என்று முதலில் பார்ப்போம்.

லண்டனில் தொடங்க வேண்டும். பிரான்சிஸ் கால்டன், சார்லஸ் டார்வினின் உறவினர். புகழ்பெற்ற ஆங்கிலேயர்களின் குடும்ப மரங்களைத் தோண்டியெடுத்து, மேதைமை இரத்தத்தில் வருகிறது என்று 1869இல் ஒரு புத்தகம் எழுதினார். 1874இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, ஆங்கிலேய அறிவியலாளர்களைப் பற்றி இன்னொரு புத்தகம். நல்ல பள்ளி, பணம், பெரிய இடத்து அறிமுகம் எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலிலேயே கிடைத்தன என்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. 1883இல் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லை உண்டாக்கியவரும் இவரே. உயர்ந்தவர்கள் அதிகம் பிள்ளை பெற வேண்டும், தாழ்ந்தவர்கள் பெறக் கூடாது என்கிற அந்தக் கொள்கை பின்னால் எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும்.

கால்டனின் வழியைப் பிடித்துக்கொண்டவர் ஜேம்ஸ் மெக்கீன் கட்டெல் என்ற அமெரிக்க உளவியலாளர். 1906இல் ‘அமெரிக்க அறிவியல் ஆண்கள்’ என்ற பெயரில் ஒரு தொகுதி வெளியிட்டார். பெண்களும் அதில் இருந்தார்கள், தலைப்பில் மட்டும் இல்லை. அவருடைய முறை எளிமையானது. ஒவ்வொரு துறையிலும் பெரியவர்கள் பத்துப் பேரைப் பிடித்து, துறையிலுள்ள மற்றவர்களைத் தரவரிசைப்படுத்தச் சொன்னார். அவற்றின் சராசரியைக் கணக்கிட்டு, மேலே வந்த ஆயிரம் பேருக்குப் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டார். பிறகு எந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை நட்சத்திரம் என்று கூட்டி, பல்கலைக்கழகங்களையும் வரிசைப்படுத்தினார். இன்று ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளில் வரும் கல்வி நிறுவனத் தரவரிசைக்கெல்லாம் பாட்டன் அந்தப் பட்டியல்.

கட்டெல் வேலை பார்த்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 1891 முதல் 1917 வரை. அந்த வளாகத்துக்கு 1913இல் மாணவராக வந்து சேர்ந்தவர் அம்பேத்கர். 1916 மே மாதம், மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் எப்படி உண்டாயின என்ற கட்டுரையை அவர் வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம், ஒரு வர்க்கம் தன் கதவைத் தானே அடைத்துக்கொண்டால் அது சாதி என்பதுதான் அந்தக் கட்டுரையின் வாதம். அதே வளாகத்தில் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்த கட்டெல், தன் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? ஒரு பேராசிரியரின் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டால் ஆளுக்கு ஆயிரம் டாலர் தருவதாக. அம்பேத்கர் இந்தியாவைப் பற்றி எழுதிய அகமணத்தை, அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் காசு கொடுத்து உண்டாக்கப் பார்த்தார். (கட்டெலுக்கு நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். 1917இல் கொலம்பியா அவரை வேலையைவிட்டு நீக்கியது. காரணம், கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர்களை அவர்கள் விருப்பமில்லாமல் ஐரோப்பியப் போருக்கு அனுப்பக் கூடாது என்று நாடாளுமன்றத்தினருக்குக் கடிதம் எழுதியது.)

கட்டெல் எண்ணியது பெரியவர்களின் அபிப்பிராயத்தை. பேப்பரையும் மேற்கோளையும் எண்ணுவதற்கான கருவி 1964இல் யூஜீன் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வந்தது. நூலகத்தில் கட்டுரை தேட உதவும் கருவியாகத் தொடங்கியது, ஆளை எடைபோடும் தராசானது. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஹெச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். ஒருவரின் ஆயுட்கால உழைப்பு ஒற்றை எண்ணுக்குள் அடங்கிற்று.

கணினி அறிவியல் இதில் தனி ரகம். மற்ற துறைகளில் இதழ்கள் முக்கியம், இங்கே மாநாடுகள். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் மிக்கேல் லே 1993இல் தொடங்கிய டிபிஎல்பி என்ற நூற்பட்டியலில், இன்று 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகள் பெயர்வாரியாக உள்ளன. யார் வேண்டுமானாலும் யாருடைய பேப்பரையும் எண்ணலாம். அதிலிருந்து எண்ணியெடுப்பதுதான், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமெரி பெர்கர் உருவாக்கிய சிஎஸ்ரேங்கிங்ஸ். தேர்ந்தெடுத்த சில உயர்மட்ட மாநாடுகளின் பேப்பர்களை மட்டும் எடுத்து, ஒரு பேப்பரை எத்தனை பேர் எழுதினார்களோ அத்தனை பங்காகப் பிரித்து, துறைகளை வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொரு பேராசிரியரின் பெயருக்கு நேராகவும் அவருடைய கணக்கு நிற்கிறது. அதை உண்டாக்கியதற்கு ஒரு நல்ல காரணமும் இருந்தது. அமெரிக்காவில் அதற்கு முன்பு புகழ்பெற்றிருந்த தரவரிசை, துறைத் தலைவர்களிடம் அபிப்பிராயம் கேட்டுப் போட்டது. அதாவது கட்டெலின் அதே முறை. அபிப்பிராயத்தைவிட எண் மேல் என்றார்கள். இந்த வாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பெயர் என்றதும் ஒரு விஷயம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறந்த மண் நம்முடையது. நம் பெயருக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, முன்னால் ஓர் எழுத்து மட்டும். ‘கடைசிப் பெயர்’ கேட்கும் வெளிநாட்டுப் படிவத்தில் அப்பாவின் பெயரைப் போடுகிறோம், அடுத்த படிவத்தில் வேறு மாதிரி போடுகிறோம். பட்டியலில் ஓர் ஆள் இரண்டாகிறார், அல்லது நான்கு ஆறுமுகங்கள் ஒருவராகிறார்கள். டிபிஎல்பி ஒரே பெயருள்ளவர்களை 0001, 0002 என்று எண் போட்டுப் பிரிக்க வேண்டியிருக்கிறது. சின்ன விஷயம்தான். ஆனால் சாதிப் பெயரைச் சுமப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு என்பதைக் கவனியுங்கள்.

பெரிய விஷயத்துக்கு வருவோம். இயந்திரக் கற்றலின் தலையாய மாநாடுகளில் ஒன்றான நியூரிப்ஸ், 2014இல் ஒரு சோதனை நடத்தியது. வந்த பேப்பர்களில் பத்தில் ஒரு பங்கை, தனித்தனியான இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு ஏற்றுக்கொண்ட பேப்பர்களில் பாதிக்கும் மேலானவற்றை மற்றது நிராகரித்தது. அதாவது, எல்லைக்கோட்டில் நிற்கிற பெரும்பாலான பேப்பர்களுக்கு இது குலுக்கல் சீட்டு. குலுக்கலில் ஜெயிக்க ஒரே வழி நிறையச் சீட்டு வாங்குவது. எட்டு மாணவர்கள் உள்ள ஆய்வகமும் கணினி வசதியும் இருந்தால், ஆண்டுக்கு இருபது பேப்பர் அனுப்பலாம். ஏற்கப்பட்டால் பதிவுக் கட்டணம், விமானம், விசா. உதவித்தொகை எட்டு மாதம் தாமதமாக வரும் முதல் தலைமுறை மாணவி ஆண்டுக்கு ஒரு பேப்பர் அனுப்புகிறாள். அதுவும் அந்தப் பாதியில் விழுந்தால் அவளுடைய எண் பூஜ்யம். பிறகு அந்த இருவரையும் ஒரே பட்டியலில் வைத்து வரிசை போடுகிறார்கள்.

இந்தப் பட்டியலில் வராமலே போனவர்களின் கதையும் நமக்கு வேண்டும். லின் கான்வே 1960களில் ஐபிஎம்மில், ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வரிசை மாற்றி நிறைவேற்றும் கணினி வடிவமைப்பைக் கண்டுபிடித்தவர். தான் பெண்ணாக மாறப்போவதாகச் சொன்னதும், 1968இல் ஐபிஎம் அவரை வேலையைவிட்டு நீக்கியது. கண்டுபிடிப்பு நிறுவனத்தின் உள் ஆவணங்களில் தங்கிவிட்டது. புதிய பெயரில், முந்தைய வாழ்க்கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாமல், ஒப்பந்த நிரலாளராக அடிமட்டத்திலிருந்து தொடங்கினார். சொந்தச் சாதனையைச் சொன்னால் யார் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் வேலை போய்விடும். வாடகை வீட்டுக்காக ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்கிற நம் ஆட்களுக்கு இது விளங்கும். பிறகு கார்வர் மீடுடன் சேர்ந்து 1980இல் சில்லு வடிவமைப்புக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதினார். ஒரு தலைமுறையே அதில் படித்துச் சில்லு வடிவமைத்தது. ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020இல். பேப்பர் எண்ணிக்கையில் கான்வே எங்கே நிற்பார்? ஐபிஎம் ஆண்டுகளின் உழைப்புக்குப் பூஜ்யம், பாடப்புத்தகத்துக்குக் கணக்கே கிடையாது.

அதே பட்டியலில் இல்லாத மனிதரும் ஏறலாம். 2010இல் பிரெஞ்சுக் கணினி ஆய்வாளர் சிரில் லபே, நிரல் ஒன்று உளறிக்கொட்டிய நூறு போலிப் பேப்பர்களைக் கொண்டு ஐக் அன்ட்கேர் என்ற கற்பனை விஞ்ஞானியை உருவாக்கினார். கூகுள் ஸ்காலரில் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 94. அந்தக் கணக்கில் ஐன்ஸ்டீன் அவருக்குப் பின்னால் நின்றார்.

இனி நம் நாடு. 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குப்படி, 23 ஐஐடிகளில் 6,043 ஆசிரியர்கள். அவர்களில் பட்டியல் சாதியினர் 149, பழங்குடியினர் 21. சேர்த்துப் பார்த்தால் மூன்று விழுக்காடுகூட இல்லை. அடுத்த ஆண்டே ஐஐடி இயக்குநர்களைக் கொண்ட குழு ஒன்று, ஆசிரியர் நியமன இடஒதுக்கீட்டிலிருந்து ஐஐடிகளுக்கு விலக்குக் கேட்டுப் பரிந்துரைத்தது. ஆராய்ச்சி நிறுவனம், உயர்தரம், உலகப் போட்டி என்பவைதான் காரணங்கள். அந்த உயர்தரத்தைக் காட்டும் சான்று வெளியீடுகளும் தரவரிசைகளும். கால்டன் குடும்ப மரத்தை வைத்துச் சொன்னதை, இவர்கள் பேப்பர் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள். தகுதி, திறமை என்ற பழைய பாட்டுக்கு இப்போது இரண்டு தசம இடத் துல்லியம் கிடைத்திருக்கிறது.

ஆகவே எண்ணிக்கையைத் தூக்கி எறிந்துவிடலாமா? இங்கேதான் நாம் நிதானிக்கிறோம். யுஜிசி 2010இல் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. பேப்பருக்கு இத்தனை புள்ளி என்றதும் காசுக்கு அச்சடிக்கும் இதழ்கள் முளைத்தன. 2018இல் யுஜிசியே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. அதே 2018இல் வந்த புதிய விதி, உதவிப் பேராசிரியர் பணிக்கு இந்தப் புள்ளிகள் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும்தான், இறுதித் தேர்வு நேர்காணலை மட்டுமே வைத்து என்றது. எண்ணின் கொடுமை ஒழிந்தது என்று சிலர் மகிழ்ந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த நேர்காணல் அறையைத் தெரியும். அப்பா என்ன வேலை என்று கேட்பார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்புவார்கள். ‘தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை’ என்று எழுதி, ஒதுக்கப்பட்ட இடத்தைக் காலியாக வைப்பார்கள். அந்த அறைக்குள் நம்மிடம் இருந்த ஒரே காகிதச் சாட்சி அந்த எண்தான். அபிப்பிராயத்தைவிட எண் மேல் என்ற வாதம் நமக்கும் உதவும் இடம் இது.

நேர்காணலுக்குப் போகிறவர்கள், அழைப்புப் பட்டியலில் உங்களுக்கு எத்தனை மதிப்பெண், நேர்காணலில் எத்தனை, தேர்வானவருக்கு இரண்டிலும் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். எவரையும் தேர்வு செய்யவில்லை என்றால், தகுதியில்லை என்று முடிவெடுத்த கூட்டக் குறிப்பைக் கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு பதிலையும், கிடைக்காத பதிலுக்கு வந்த மறுப்புக் கடிதத்தையும் நகலெடுத்து உங்கள் மாணவர் அமைப்பில் கொடுத்து வையுங்கள். அவர்கள் நம்மை எண்ணுகிறார்கள், நாமும் அந்த அறைகளை எண்ணத் தொடங்குவோம்.