கிங்ஸ் சர்க்கிளின் துணிக் கணக்கு

நம்மவர்களின் சிக்கனத்தைப் பற்றி நம்மவர்களே பெருமையாகப் பேசிக்கொள்வது வழக்கம். அதிலும் மாதுங்கா, கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துப் பழைய குடும்பங்கள் கல்யாணத்தில் ஒன்றுகூடினால், துணிமணி விஷயத்தில் பாட்டியும் அம்மாவும் எப்படிச் சமாளித்தார்கள் என்ற பேச்சு வராமல் இருக்காது. ஒன்பது கெஜம் நைந்தால் பாவாடை, பாவாடை நைந்தால் பிடிதுணி. இது உண்மைதான். ஆனால் பாதி உண்மை என்பது என் அபிப்பிராயம். பாட்டியின் சாமர்த்தியத்துக்குப் பின்னால் சர்க்கார் முத்திரை இருந்தது, பரேல் மில்கள் இருந்தன, சிந்திக் கடைக்காரர் இருந்தார், பாத்திரக் கூடையோடு மாடிப்படி ஏறி வந்த குஜராத்திப் பெண்மணி இருந்தாள். இவர்களை விட்டுவிட்டு இந்தச் சிக்கனத்தின் சரித்திரத்தை எழுத முடியாது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. ஜன நெருக்கடியைக் குறைப்பதற்காக 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. அது வடக்கே வகுத்த தாதர், மாதுங்கா மனைகளில்தான் பின்னாளில் நம்மவர்கள் குடியேறினார்கள். ரயில்வே, பாங்க், இன்ஷூரன்ஸ், கம்பெனி ஸ்டெனோ உத்தியோகம். 1932-ல் எஸ்.ஐ.இ.எஸ். என்று நாம் அழைக்கும் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றுகிற அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாதச் சம்பளம் ஒன்றுதான் வருமானம். ஊரில் நாலு மா நிலம் இருந்தாலும் அந்த நெல் பம்பாய்க்கு வராது. ஆகவே துணி வாங்குவது வருஷத்தில் இரண்டே தரம்: ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது யூனிஃபாரம், ஐப்பசியில் தீபாவளி.

இரண்டாவது உலக யுத்தம் இந்தக் கணக்கைக் குலைத்தது. மில்கள் ராணுவத்துக்கு நெய்தன, வெளிநாட்டுத் துணி வரவு நின்றது, வியாபாரிகள் பதுக்கினார்கள். 1943 நடுவில் பருத்தித் துணியின் விலை யுத்தத்துக்கு முன் இருந்ததைப்போல் நான்கைந்து மடங்காகிவிட்டது. அந்த ஜூன் மாதம் சர்க்கார் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவைப் பிறப்பித்தது. உச்ச விலையை நிர்ணயித்து, அதைத் துணியின் மேலேயே முத்திரை குத்தவேண்டும் என்றது. இங்கிலீஷ் தெரியாத பாட்டிமார்களும் எண்ணைப் படிப்பார்கள் அல்லவா? கடைக்காரர் வாயால் சொல்லும் விலையைத் துணி ஓரத்து முத்திரையோடு ஒத்துப்பார்க்கும் பழக்கம் அப்போது வந்ததுதான் என்று என் அம்மா சொல்வாள். அவள் கடைசிவரை எந்தத் துணியானாலும் முதலில் ஓரத்தைத்தான் திருப்பிப் பார்ப்பாள்.

கட்டுப்பாடு வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. காந்திஜியும் கட்டுப்பாடுகளை நீக்கவேண்டும் என்றே வற்புறுத்திவந்தார். 1948 ஜனவரியில் துணிக் கட்டுப்பாடு நீங்கியது; விலை மளமளவென்று ஏறியது. அந்த வருஷம் நடுவிலேயே மறுபடி கட்டுப்பாடு, மறுபடி முத்திரை. அதே 1948-ல் நாய்காவில் மில் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை ஆரம்பித்தார்கள். அதுதான் பிற்பாடு ஊரெல்லாம் கிளை விட்ட அப்னா பஜார். நம் வீட்டு மாமிகள் பஸ் பிடித்து அங்கே போய்ச் சாமான் வாங்கிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொழிலாளி தனக்காக வைத்த கடையில் குமாஸ்தா குடும்பமும் மிச்சம் பிடித்தது.

மிச்சம் பிடிப்பதில் எங்கள் வீடுகளின் பெரிய ஆயுதம் 'தான்'. ஒரு முழுத் தான் துணியை அப்படியே வாங்கினால் கஜத்துக்கு இவ்வளவு என்று குறையும், வெட்டில் வீணாவதும் குறையும். இதன் விளைவு தீபாவளியன்று தெரியும். அண்ணன், தம்பி, சித்தப்பா பிள்ளை எல்லாருக்கும் ஒரே கோடு போட்ட சட்டை, தங்கைக்கு அதே துணியில் கவுன். மாதுங்கா தெருவில் போனால் பாண்டு வாத்தியக்காரர்கள் வருவதாக நினைப்பார்கள். மிஞ்சிய துணி ஜன்னல் திரையாகவும் தொங்கும். பெண் குழந்தைகளின் பாவாடையை ஒரு சாண் உள்மடிப்பு வைத்துத் தைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு மடிப்பு அவிழும். அவிழ்ந்த இடத்தில் பழைய சாயம் மட்டும் பளிச்சென்று தெரியும். அந்தக் கோடுகளை எண்ணினால் பாவாடையின் வயது தெரிந்துவிடும்.

புடவையிலும் ஒரு கணக்கு உண்டு. ஒன்பது கெஜத்திலிருந்து ஆறு கெஜத்துக்கு மாறியதை நாகரிகம் என்று சிலரும், ஆசாரக் குறைவு என்று சிலரும் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கு துணி மிச்சம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. (நவராத்திரியில் வெற்றிலைப் பாக்கோடு கொடுக்கும் ரவிக்கைத் துண்டின் சிக்கனம் தனி. அது தைக்கப்படாமலே வீடு வீடாகப் போய், இரண்டு வருஷத்தில் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வந்த கதை எல்லா ஊரிலும் இருக்கும்.)

இனி மில்கள். 1854-ல் காவஸ்ஜி தாவர் தார்தேவில் பம்பாயின் முதல் நூற்பாலைக்கு அடிபோட்டார். நூறு வருஷத்தில் பரேல், லால்பாக், லோயர் பரேல் எங்கும் புகைபோக்கிகள். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். மில்லில் நெய்த துணி எல்லாம் குற்றமில்லாமல் வராது. ஓர் இழை அறுந்தது, சாயம் ஓடியது எல்லாம் 'செகண்ட்ஸ்'. தானின் கடைசியில் மிஞ்சும் துண்டு 'ஃபென்ட்', அதனினும் சிறியது கந்தல், அதற்கும் கீழே சிந்தி. கலால் வரி விதிகளே இவற்றைத் தனித்தனி வகையாகப் பிரித்து வைத்திருந்தன. மில் கடைகளில் இவை எடைக்கும் கூறுக்கும் கிடைக்கும். இழை அறுந்த இடம் தலையணை உறையின் மடிப்புக்குள் போகும்படி வெட்டத் தெரிந்தவளுக்கு, செகண்ட்ஸும் ஃபர்ஸ்ட்தான். சென்னையிலோ திருச்சியிலோ இருந்த நம் உறவினர்களுக்கு இந்த வசதி இல்லை. பம்பாய்க்காரர்கள் ஊருக்கு வரும்போது டிரங்குப் பெட்டியில் கட்பீஸ் கொண்டுவருவார்கள் என்ற எதிர்பார்ப்பு அதனால் வந்ததுதான்.

1964-லிருந்து மில்கள் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கை வேஷ்டி, புடவை, லாங்கிளாத், சட்டைத் துணி, டிரில் ஆகிய ஐந்து வகைகளில், கட்டுப்பாட்டு விலையில் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. ஏழைகளுக்கான திட்டம். துணி முரட்டுத் துணி. ஆனாலும் பள்ளிக்கூட டிராயருக்கு டிரில்லும் உள்பாவாடைக்கு லாங்கிளாத்தும் வாங்க எங்கள் தெருவிலிருந்தும் வரிசையில் நின்றவர்கள் உண்டு. 1976-ல் கைத்தறி ஜனதா புடவை வந்தது. 1978-ல் தனியார் மில்களின் சுமை நீங்கி, பொறுப்பு தேசிய ஜவுளிக் கழகத்தின் தலையில் விழுந்தது. இவற்றோடு காந்தி ஜயந்தி ரிபேட். கதருக்கும் கோ-ஆப்டெக்ஸ் கைத்தறிக்கும் தள்ளுபடி அறிவிக்கும்வரை போர்வையும் துண்டும் வாங்காத வீடுகளை நான் அறிவேன்.

காந்தி மார்க்கெட்டைச் சொல்லாமல் கிங்ஸ் சர்க்கிள் இல்லை. பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தவர்களைப் பக்கத்திலேயே சயான் கோலிவாடாவில் குடியமர்த்தினார்கள். எனக்குத் தெரிந்து அந்த மார்க்கெட்டின் கடைக்காரர்களில் பலர் சிந்திகளும் பஞ்சாபிகளும்தான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். குறைந்த லாபம், நிறைய விற்பனை என்பதே அவர்கள் வியாபாரம். நம் மாமிகளின் ஹிந்தியும் பேரம் பேசும் வித்தையும் அங்கேதான் வளர்ந்தன. 'பஹூத் ஜாஸ்தி ஹை' என்று சொல்லிவிட்டு இரண்டு கடை தள்ளி நடந்தால் கூப்பிடுவார்கள் என்பது நிச்சயம். கூப்பிடாவிட்டால் சொன்ன விலை நியாயமான விலை என்று அர்த்தம். அப்போது கௌரவமாகத் திரும்பிப் போவதற்கும் ஒரு முறை இருந்தது: 'அந்த நீலத்தை இன்னொரு தரம் காட்டு' என்பது.

அறுபதுகளின் நடுவில் டெரீன் வந்தது. விலை பருத்தியைப்போல் பல மடங்கு. ஆனால் சுருங்காது, இஸ்திரி வேண்டாம், வருஷக்கணக்கில் உழைக்கும். ஆபீஸ் போகிறவருக்கு இரண்டு சட்டை போதும் என்று அப்பாக்கள் கணக்குப் போட்டார்கள். மடிக்கு ஆகுமா என்ற சர்ச்சை ஒரு பக்கம் நடந்தது. என் பாட்டி கண்டுபிடித்த குறை வேறு: தண்ணீரை உறிஞ்சாது. தூளி கட்டினால் குழந்தைக்கு வேர்க்கும், பிடிதுணியாக்கினால் அடுப்பில் உருகும், தரை துடைத்தால் ஈரம் அப்படியே நிற்கும். பருத்திக்கு ஐந்து ஜன்மம் உண்டென்றால் டெரிலினுக்கு ஒன்றுதான். 1985 ஜவுளிக் கொள்கைக்குப் பின் பாலியெஸ்டர் மலிவானது. துணி மலிந்தது, மறுஜன்மம் நின்றது.

அங்கேதான் பாத்திரக்காரி வருகிறாள். குஜராத்திலிருந்து வந்த சமூகத்தார். வாக்ரி என்று ஊர் சொல்லும், தங்களைத் தேவிபூஜக் என்று சொல்லிக்கொள்வார்கள். தலையில் கூடை நிறைய எவர்சில்வர், தோளில் பழந்துணி மூட்டை. மத்தியானம் ஆண்கள் இல்லாத வேளையில் வருவாள். ஒரு பாண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முழங்கால், பின்புறம், ஜிப் மூன்றையும் பார்ப்பாள். அம்மா நாலு புடவைக்கு ஓர் அடுக்கு கேட்பாள். அவள் ஒரு டவராவை நீட்டுவாள். முக்கால் மணி நேரம் நடக்கும். 'இன்னொரு சட்டை போடு' என்பதில் முடியும். எங்கள் வீட்டில் இன்றும் புழங்கும் ஒரு சம்படம் அப்பாவின் இரண்டு டெரிகாட் பாண்டுக்கு வந்தது.

நாம் பார்த்தது அவ்வளவுதான். மூட்டை வீட்டுக்குப் போனபின் நடப்பதுதான் உழைப்பு. பிரித்து, துவைத்து, பித்தான் தைத்து, இஸ்திரி போட்டு, விடியுமுன் காமாட்டிபுரா பக்கத்துச் சந்தைக்கு எடுத்துப்போவார்கள். கட்டடத் தொழிலாளியும் புதிதாக ஊரிலிருந்து வந்தவனும் முதல் பாண்டை அங்கே வாங்கினான். தேறாத பருத்தி, பட்டறைகளில் மெஷின் துடைக்கும் கந்தலாகும். பாத்திரத்தை அவள் மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுத்திருப்பாள். எங்கள் அம்மாவோடு அரை டம்ளருக்கு வாதாடியது அதனால்தான்.

பட்டுப்புடவை மட்டும் அவள் கூடைக்குப் போகாது. பழைய ஜரிகையில் வெள்ளியும் மேலே தங்க முலாமும் உண்டு. அதற்கென்று வேறு ஆட்கள் வருவார்கள். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்சு 50 டாலரை நெருங்கிய சமயத்தில், எங்கள் கட்டடத்தில் பல கூறைப்புடவைகள் பீரோவிலிருந்து இறங்கின. இதைச் சிக்கனம் என்று சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். முறையாக அது முடியவே இல்லை. 1983-ல் 13 மில்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பல மில்கள் பிறகு திறக்கவில்லை. தீபாவளிக்குத் துணி கிடைக்குமா என்று நாம் பயந்தோம். கிடைத்தது, அதுவும் மலிவாக. பிவண்டியின் விசைத்தறிகள் குறைந்த கூலியில், சங்கம் இல்லாமல், இரவும் பகலும் ஓடின. காந்தி மார்க்கெட்டில் புடவை விலை ஏறவில்லை. கிர்ணகாவில் மில் தொழிலாளியின் மனைவி சாப்பாட்டு டப்பா கட்டிக் குடும்பத்தை நடத்தினாள்.

1905-ல் பிறந்த பீனிக்ஸ் மில் வளாகம் பிறகு கடைவீதியாக மாறியது. லோயர் பரேலில் துணி நெய்த இடத்துக்கே துணி வாங்கப் போனோம். 2006 ஜனவரி 26 அன்று பிக் பஜார் 'எல்லாவற்றிலும் மலிவான நாள்' என்று அறிவித்து, கூட்டம் தாங்காமல் சில ஊர்களில் கடையை நடுவிலே மூடினார்கள். 2022-ல் அந்தக் கடைகளே கடனில் கைமாறிப் பெயரும் போய்விட்டது.

காந்தி மார்க்கெட் இருக்கிறது. பள்ளமான இடம், மழை பலத்தால் முழங்கால் தண்ணீர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது கிங்ஸ் சர்க்கிள் முழுகியது. நாலாம் நாள் வெயில் வந்ததும் கடைக்காரர்கள் நனைந்த புடவைகளை நடைபாதைக் கம்பிகளில் உலர்த்தி, கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். எங்கள் கட்டடத்து மாமிகள் பை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று யாரும் பேரம் பேசவில்லை.