பல்ஸ் ஆக்சிமீட்டர்: வரலாறும் வீட்டுப் பயன்பாடும்

இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை ஊசி குத்தாமல் விரல் நுனியிலேயே அறிய உதவும் சிறு கருவி பல்ஸ் ஆக்சிமீட்டர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் பலர் இன்று இதை வீட்டில் வைத்திருக்கிறார்கள். இது உருவான வரலாற்றை அறிந்தால், இது காட்டும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் விளங்கும்.

நிறமே அடிப்படை

ஆக்சிஜன் ஏறிய இரத்தம் பளிச்சென்ற சிவப்பாகவும், ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். இந்த நிற மாற்றத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள தொடர்பை 1864-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் நிறமாலை ஆய்வின் மூலம் விளக்கினார். 1935-இல் ஜெர்மனியின் கார்ல் மத்தேஸ், காது மடலில் ஒளியைச் செலுத்தி ஆக்சிஜனை அளக்க முயன்றார். இரண்டாம் உலகப் போரின்போது, உயரத்தில் பறக்கும் விமானிகளுக்காக அமெரிக்காவின் கிளென் மில்லிகன் காதில் மாட்டும் கருவி ஒன்றைச் செய்தார். 'ஆக்சிமீட்டர்' என்ற பெயரை வைத்தவரும் அவரே.

ஆனால் இரத்தம் மட்டுமல்லாமல் தோலும் சதையும்கூட ஒளியை உறிஞ்சும். அவற்றைப் பிரித்தறிய வழியில்லாததால், காதைச் சூடேற்றி அளப்பது போன்ற சிரமங்கள் நீடித்தன.

தொல்லையே விடையானது

ஜப்பானின் நிகோன் கோடன் நிறுவனப் பொறியாளர் டாக்குவோ அயோயாகி, 1970-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தது வேறொன்றை. இரத்தத்தில் சாயம் செலுத்தி, இதயம் வெளியேற்றும் இரத்த அளவைக் காதின் வழியே அளக்க அவர் முயன்றார். நாடித்துடிப்பு அந்த அளவீட்டைக் குலைத்தது. இரண்டு அலைநீள ஒளிகளைக் கொண்டு அதை நீக்கப் பார்த்தார். ஆக்சிஜன் அளவு மாறும்போதெல்லாம் நீக்கம் சரிவரவில்லை. அப்படியானால் அதைக் கொண்டே ஆக்சிஜனை அளக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. துடிப்பது தமனி இரத்தம் மட்டுமே. தோலும் சதையும் துடிப்பதில்லை. எனவே துடிக்கும் பகுதியை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். 1974-இல் இதை அவர் அறிவித்தார். அதே காலத்தில் மினோல்டா நிறுவனத்தாரும் தனியாக இம்முறையைக் கண்டறிந்து, 1977-இல் விரலில் மாட்டும் கருவியை வெளியிட்டனர்.

1980-களில் பயோக்ஸ், நெல்கார் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் கருவிகள் அறுவை அரங்குகளில் பரவின. 1995-இல் நோனின் நிறுவனம் முழுக் கருவியையும் விரல் நுனியில் அடங்கும்படி செய்தது. வீட்டுப் பயன்பாட்டுக்கு இது வழி திறந்தது. கொரோனா காலத்தில் சென்னைத் தெருக்களில் வீடு வீடாகச் சென்ற பணியாளர்களின் கையிலும் இக்கருவி இருந்தது. இது உலகெங்கும் தேவைப்பட்ட அந்த 2020 ஏப்ரலில் அயோயாகி காலமானார்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நலமாக உள்ளவருக்குப் பொதுவாக 95 முதல் 100 விழுக்காடு வரை இருக்கும். நுரையீரல் அடைப்பு நோயாளர் சிலருக்கு மருத்துவர் 88 முதல் 92 வரை இலக்காக வைப்பதுண்டு. அவர்களுக்கு ஆக்சிஜன் மிகுந்தால் கரியமில வாயு தேங்கும் ஆபத்து உண்டு. ஆகவே எண் குறைவாக இருக்கிறதே என்று ஆக்சிஜன் அளவைத் தாமாகக் கூட்டக் கூடாது.

விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், கை அசைந்தாலும் எண் பிழைபடும். கையைச் சூடாக்கி, சில நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, எண் நிலைத்த பின் குறித்துக்கொள்ள வேண்டும்.

தோலின் நிறமும் பொருட்டாகிறது. அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இக்கருவி கண்டறியத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி. கருநிறத் தோல் உள்ளோர் நிறைந்த நம் நாட்டில் இது கவனிக்கத்தக்கது. கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் மூச்சுத் திணறல் கூடினால், உதடு நீலமானால், குழப்பம் தோன்றினால் மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.