ஒரே இரத்தப் பரிசோதனையில் பல புற்றுநோய்கள்: வரலாறு சொல்லும் பாடம்

ஒருமுறை இரத்தம் கொடுத்தால் பல வகைப் புற்றுநோய்களைத் தொடக்கத்திலேயே கண்டறியலாம் என்ற செய்தி சிட்லபாக்கம், தாம்பரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களையும் எட்டியிருக்கிறது. அப்படியானால் மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனைகளுக்கு நம் பெண்கள் செல்ல வேண்டியதில்லையே என்ற எண்ணமும் கூடவே எழுகிறது. இதற்கான விடையை வரலாற்றில் தேடுவோம்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூசில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, புற்றுக் கட்டி சிறிதாகவும், முழுமையாக நீக்கத்தக்க இடத்திலும் இருந்தால் மட்டுமே அறுவைக்கு இடமுண்டு என எழுதினார். முற்றிய நோயைத் தம்மால் குணப்படுத்த இயலவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நமக்கு அருகிலுள்ள அடையாறும் அதே பாடத்தைக் கற்றது. 1923இல் தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954இல் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அங்கே வாழ்நாள் முழுவதும் பணியாற்றிய டாக்டர் வி. சாந்தா, நோயை முன்கூட்டியே கண்டறிவதை இடையறாது வலியுறுத்தினார்.

இரத்தப் பரிசோதனையின் கதை 1948இல் தொடங்குகிறது. உயிரணுக்களுக்கு வெளியே, இரத்த நீரிலும் மரபணுப் பொருள் மிதப்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர்கள் மாண்டெலும் மெத்தேயும் கண்டனர். புற்றுநோயாளர் பலரிடம் அது மிகுந்திருப்பது 1977இல் தெரியவந்தது. அதில் படிந்துள்ள வேதிக் குறிகளைப் படித்தறியும் சோதனைகள் இன்று வந்துள்ளன. 2024 டிசம்பரில் பெங்களூரின் ஸ்ட்ராண்ட் நிறுவனமும் ‘கேன்சர்ஸ்பாட்’ என்னும் சோதனையை அறிமுகப்படுத்தியது.

ஆயினும் இவற்றின் எல்லையை அறிதல் வேண்டும். ‘கேலரி’ என்னும் சோதனையை அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 6,621 பேரிடம் ஆராய்ந்து, முடிவை 2023இல் வெளியிட்டனர். 92 பேருக்கு நோய் அறிகுறி காட்டியது. அவர்களுள் 35 பேருக்கே புற்றுநோய் இருந்தது. எஞ்சிய 57 பேர் வீணே கலங்க நேர்ந்தது. அறிகுறி ஏதுமில்லை என்று வந்தவர்களுள் 86 பேருக்கு ஓராண்டுக்குள் புற்றுநோய் உறுதியாயிற்று.

மறுபுறம், நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் நோக்கினர். 30 முதல் 59 வயது வரையிலான 31,000க்கும் மேற்பட்ட பெண்கள் சோதிக்கப்பட்டனர். தேவையானோர்க்குச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 விழுக்காடு குறைந்தது. மலிவான முறையே உயிர்களைக் காத்தது.

ஆகவே இரத்தப் பரிசோதனையை விரும்புவோர் மருத்துவரிடம் கலந்து செய்துகொள்ளலாம். ஆனால் அது ஏனைய பரிசோதனைகளுக்கு மாற்றாகாது. நாணம் ஈமானின் ஒரு கிளை என்பதை நாம் அறிவோம். நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே. நாணத்தைக் காக்கப் பெண் மருத்துவரையும் செவிலியரையும் நாடலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பக, கருப்பை வாய்ப் பரிசோதனைகள் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நம் தாய்மாரையும் மனைவியரையும் சகோதரியரையும் அங்கு அழைத்துச் செல்வது ஆண்களாகிய நம் பொறுப்புமாகும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தை அருள்வானாக. ஆமீன்.