இங்கினியாகலைத் தண்ணீரும் மின்சார ஓட்டோவும்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

மின்சார ஓட்டோ வாங்கலாமா, கூரையில் சோலார் போடலாமா என்பதுதான் இன்று காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை தேநீர்க் கடைக் கதை. "பெற்றோலுக்குக் கொட்டியது போதும்" என்கிறார் ஒருவர். "கரண்ட் மட்டும் சும்மாவா வருது, நுரைச்சோலையில நிலக்கரிதானே எரியுது" என்கிறார் அடுத்தவர். மூன்றாமவர், "நம்ம நாட்டில் ஆறு இருக்கு, அணையைக் கட்டினால் எல்லாம் சுத்தம்" என்று கதையை முடித்துவிடுகிறார். மூவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் அணை என்றால் என்னவென்று இந்த வாவிக்கரை ஆட்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து படிப்பிக்கத் தேவையில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாடு கட்டிய முதலாவது பெரிய பல்நோக்கு அணை நம்முடைய ஆற்றில்தான் எழும்பியது.

அந்த ஆற்றை இப்போது கல்லோயா என்கிறோம். தமிழில் பழைய பெயர் பட்டிப்பளை ஆறு. அணை வருவதற்கு முன்னால் இங்கே வெறும் காடுதான் இருந்தது என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன. நம் பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். சம்மாந்துறை, நிந்தவூர், கரைவாகு வட்டைகளில் அணைக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நெல் விளைந்தது. 1850களில் ஆளுநர் ஹென்றி வோர்ட் காலத்தில் இறக்காமம் குளம் திருத்தப்பட்டது. அவர் காலத்தில் 1856இல் வந்த நீர்ப்பாசனச் சட்டம், ஊர்களின் பழைய தண்ணீர் வழக்கங்களுக்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தது. வட்டைவிதானை யார், வாய்க்காலை எப்போது வெட்டுவது, யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்பதெல்லாம் வயல்காரர் கூடிப் பேசும் விசயங்களாக இருந்தன. அந்தக் கூட்டங்களில் போடியார்மாரின் குரல்தான் உயர்ந்து கேட்டிருக்கும், அதை மறைக்கத் தேவையில்லை. என்றாலும் மடையைத் திறக்கிறவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

1949இல் இது மாறியது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்க அரசாங்கம் கல்லோயா அபிவிருத்திச் சபையைச் சட்டம் போட்டு உருவாக்கியது. 1933இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபைதான் முன்மாதிரி. ஒரு முழு ஆற்றையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுத்து, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம், குடியேற்றம் எல்லாவற்றையும் அதுவே பார்க்கட்டும் என்ற யோசனை. மொறிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. நீளம் ஒரு கிலோமீற்றருக்கு மேல், உயரம் நாற்பது மீற்றருக்கு மேல். தேங்கிய நீருக்கு சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர் வைத்தார்கள். நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் அது ஒன்று.

அவ்வளவு பெரிய அணையின் மின் நிலையம் தருவது சுமார் 11 மெகாவாட். மகாவலியின் விக்டோரியா 210 மெகாவாட், நுரைச்சோலை மூன்று அலகும் சேர்ந்து 900. இங்கினியாகலை சிறியதாக இருப்பதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் இன்றைய சண்டை பாதி விளங்கும். மலைநாட்டில் லக்சபான போன்ற இடங்களில் தண்ணீர் பெரிய உயரத்திலிருந்து விழுகிறது. 1918இலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர அதைக் கணக்குப் போட்டுக் காட்டினார், 1950இல்தான் லக்சபான வேலை செய்யத் தொடங்கியது. அங்கே மழையும் அதிகம், கீழே வயலுக்காகக் காத்திருப்போரும் குறைவு. இங்கினியாகலையில் அப்படியில்லை. சுழலியைச் சுற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீர் நேரே வயலுக்குப் போக வேண்டியது. வேளாண்மைக்குத் தண்ணீர் விடும் காலத்தில்தான் மின்சாரம். வயல் காயவிடும் மாதங்களில் விளக்குக்காகத் தண்ணீர் திறந்தால், சிறுபோகத்தில் எங்கோ ஒரு வட்டை காயும். ஆகவே அணை மின்சாரம் "சும்மா" கிடைப்பதாக யாராவது சொன்னால், எந்த அணை, எந்த மாதம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அணை தந்ததை நாம் மறுக்கவில்லை. மழையை மட்டும் நம்பியிருந்த எத்தனையோ நிலத்தில் இரண்டாம் போகம் வந்தது. இன்று அம்பாறை நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்று என்றால் அந்தத் தண்ணீரால்தான். ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. வேடர்கள் வேட்டையாடித் தேனெடுத்த காடு தண்ணீருக்கடியில் போனது. இடது கரையில் தலைப்பகுதிக் குடியேற்றங்களில் பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. முன்பிருந்தே வயல் செய்த தமிழரும் முஸ்லிம்களும் வாய்க்காலின் வாலில் நின்றார்கள். 1956 ஜூனில் கல்லோயாவில் இரத்தம் சிந்தியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. இதை எழுதினால் பழைய புண்ணைக் கிளறுகிறோம் என்பார்கள் சிலர். எழுதாமல் விட்டால் நம் பிள்ளைகளுக்கு அணையின் உயரம் மட்டும்தான் தெரியும்.

வாவியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இடது கரை வயல்களின் கழிவு நீர் கடைசியில் நமது வாவியின் தென்புறத்துக்குத்தான் வடிகிறது, உரமும் மருந்தும் சேர்ந்து. மாரியில் வெள்ளம் ஏறினால் கிட்டங்கியில் போக்குவரத்து நிற்கிறது. வயல்காரர் முகத்துவாரத்தை உடனே வெட்டச் சொல்கிறார்கள், மீன்பிடிக்கிறவர் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்கள். இந்த இழுபறி அணைக்கு முந்தியது. அணை வந்ததும், மேலே எடுக்கப்படும் ஒரு முடிவும் இதற்குள் வந்து சேர்ந்தது.

அதிகம் பேசப்படாத ஒரு வருடம் 1981. இடது கரைத் திட்டம் அப்போது சீரழிந்து கிடந்தது. வாய்க்கால் கதவுகள் பல உடைந்திருந்தன. பல வருடமாகத் துப்புரவாகாத வாய்க்கால்கள் மண்மூடிப் போயிருந்தன. அந்தச் சிறுபோகம் தொடங்கும்போது சமுத்திரத்தில் கால்பங்குத் தண்ணீர்தான் இருந்தது. வாலுக்குத் தண்ணீர் போகாது என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பு. அந்த நேரம் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை ஊர்களில் தங்கவைத்து விவசாயிகளைச் சிறு குழுக்களாகப் பேச வைத்தன. சில கிழமைகளுக்குள் விவசாயிகள் தாங்களே வாய்க்காலில் இறங்கித் துப்புரவு செய்தார்கள். முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். தலைப்பகுதியில் சிங்கள விவசாயி, வாலில் தமிழ் பேசும் விவசாயி. நாடு எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்த காலம் என்பது நமக்குத் தெரியும். கோர்னெலின் நோமன் அப்ஹொஃப் இதைப் பற்றி 1992இல் ஒரு புத்தகமே எழுதினார். உலகின் பல பல்கலைக்கழகங்களில் கல்லோயா ஒரு பாடம். நம் பாடசாலைகளில் அது இல்லை.

புதிய அணையோ புதிய இயந்திரமோ வராமலே அந்த வருடம் தண்ணீர் வால்வரை போனது. சாவியில் விவசாயிக்கும் ஒரு கை கிடைத்ததுதான் வித்தியாசம்.

மகாவலியில் இதே கேள்வி இன்னும் பெரிய அளவில் இருக்கிறது. 1976இல் திறந்த பொல்கொல்லவில் தண்ணீரை வடக்குப் பக்கம் திருப்பினால் உலர்வலயத்துக்குப் பாசனம், திருப்பாமல் விட்டால் அது கீழே விக்டோரியாவில் அதிக மின்சாரம். ஒவ்வொரு பருவமும் இரண்டுக்கும் நடுவே பேரம்தான். 2023 ஓகஸ்ட்டில் உடவளவ விவசாயிகள் காய்ந்த நெல்லோடு வீதியில் இறங்கி, சமனலவெவ நீரைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தால் தெற்கில் மின்வெட்டு வரும் என்றது மின்சாரத் தரப்பு. அமைச்சர்கள் பகிரங்கமாக முரண்பட்ட பிறகுதான் தண்ணீர் திறந்தது. அதற்குள் பயிரின் ஒரு பகுதி போய்விட்டது.

அணையை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதை 1996 வரட்சியில் பார்த்தோம், நாளுக்குப் பல மணி நேரம் இருட்டு. 2022 மார்ச் 31இல் 13 மணி நேர மின்வெட்டு. எரிபொருள் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைவு. இரண்டொரு நாளில் நோன்பு பிடித்தது. அந்த வருட ஸஹர் சாப்பாட்டைக் கைபேசி வெளிச்சத்தில் சாப்பிட்ட வீடுகள் எத்தனை!

இனி சோலார். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, முழு நாடும் இருண்டது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்த கதையைக் கேட்டு உலகமே சிரித்தது. சிரிப்புக்குப் பின்னால் ஒரு விசயம் இருந்தது. வெயில் அதிகம், பாவனை குறைவு, சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடிய நேரத்தில் ஒரு சிறு அதிர்ச்சியையே வலையமைப்பால் தாங்க முடியவில்லை. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டது. பகலில் மிச்சம். மாலை ஆறரைக்குப் பிறகு, எல்லோரும் விளக்கும் விசிறியும் போடும் நேரத்தில் பற்றாக்குறை.

ஆகவே ஓட்டோவை இரவில் சார்ஜ் போட்டால் அதற்குள் ஏறுவதில் நிலக்கரியும் எண்ணெயும் அணைத் தண்ணீரும் கலந்திருக்கும். மத்தியானத்தில் போட்டால் பெரும்பங்கு வெயில். ஓட்டோ வாங்க நினைக்கும் தம்பிமாருக்கு நாம் சொல்வது: வாங்குங்கள், ஆனால் லுஹர் நேரத்தில் பகல் ஓய்வெடுக்கும்போது சார்ஜ் போட ஓர் இடம் பாருங்கள். வாடகைத் தரிப்பிடத்தில் அதற்கு வசதி கேட்டு நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் எழுதலாம்.

வயல்காரருக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்க மின்கலம் விலை கூடியது. அதனால் பொறியியலாளர்களின் கண் அணைகள் மேல் விழுகிறது: பகலில் நீரைப் பிடித்துவை, மாலையில் திற. 600 மெகாவாட்டில் மகாஓயா நீரேற்றுத் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நம் அம்பாறை மகாஓயா இல்லை, கேகாலை மாவட்ட அரநாயக்கப் பக்கம், பயப்பட வேண்டாம். ஆனால் பாசன அணைகளிலும் மாலை மின்சாரத்துக்கு ஏற்ப நீர் திறக்கும் முறை வந்தால், வாய்க்காலில் பகலில் நீர் இறங்கி இரவில் ஏறும். இரவில் மடைக்குக் காவல் நிற்க முடிந்தவருக்கு வயல் நனையும். வாலில் இருக்கிற விதவைப் பெண்ணின் வயல்? இதைத் தடுக்க இடைக்குளங்களில் நீரைச் சமன்படுத்தி விட முடியும், நுட்பம் இருக்கிறது. அதைக் கேட்க ஆள் வேண்டும்.

கேட்கும் இடம் சிறுபோக ஆரம்பக் கூட்டம். அங்கே நம்மவர்கள் போகிறார்கள், விதைப்புத் திகதி, மாட்டுக் காவல், உர மானியம் பேசுகிறார்கள், தேநீர் குடித்துவிட்டு வருகிறார்கள். தண்ணீர் நாளுக்கு எத்தனை மணிக்குத் திறக்கும், அந்த நேரத்தைத் தீர்மானிப்பது நீர்ப்பாசனத் திணைக்களமா மின்சாரத் தரப்பா, மாற்றினால் விவசாய அமைப்புக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் என்ற மூன்றையும் அடுத்த கூட்ட அறிக்கையில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. 1981 சிறுபோகத்தில் மண்டூர், நாவிதன்வெளி, சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்த வாப்பாமார், அப்பாமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் வட்டையில் முறைத்தண்ணீர் எப்படி வந்தது, வட்டைவிதானை என்ன செய்தார் என்று கேட்டுக் குரல்பதிவாகவாவது அனுப்பி வையுங்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்து எழுதிச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறோம்.