நிலத்தடிக் காற்றும் நற்பயிற்சியும்



1965ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், இந்தியாவின் தோரி நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பு 268 உயிர்களைக் கவர்ந்தது. இத்தகைய விபத்துகளிற் கொல்வது தீ மட்டுமன்று. 1896இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்க வெடிப்பொன்றை ஆராய்ந்த ஹோல்டேன் என்னும் விஞ்ஞானி, பலரை மாய்த்தது பின்னர்ப் பரவிய காபனோரொட்சைட்டு வாயுவே எனக் கண்டார். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பற்றிக்கொள்ளும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மனிதன் வீழ்ந்துவிடுவான். மூச்சு விரைந்த சிறு பறவை முந்திச் சோருமாதலால், கனேரிக் குருவியே அன்று எச்சரிக்கையாயிற்று.

1906இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் மாண்டனர். அப்போது, 1870இற் போரிட்ட பகைநாடாகிய ஜெர்மனியிலிருந்து, பயிற்சி பெற்ற தொழிலாளர் சுவாசக் கருவிகளுடன் வந்து உதவினர். கருணை எல்லையைக் கடந்தது. பயிற்சி அதற்குக் கைகொடுத்தது.

நம் கிண்ணியாவில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை, கிணறுகள் உண்டு. பாழ்ங்கிணற்றின் அடியிலும் காபனீரொட்சைட்டு தேங்கலாம்; ஒட்சிசன் குன்றலாம். மயங்கியவனைத் தூக்கப் பதறி இறங்குபவன் இரண்டாவது பிணமாவான். ஆகவே, குதிக்குமுன் நிற்போம், பயின்றவரை அழைப்போம், நாமும் பயில்வோம். அறிவோடு கூடிய துணிவே உயிர் காக்கும்.