சதுப்பும் பொறியும்: அலாஸ்கா நெடுஞ்சாலை குறித்து ஒரு மறுநோக்கு

வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் 1942-ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பற்றி எழுதுவோருள் பலர் அதனைப் பொறியின் வெற்றி என்றே கூறிச் செல்வர். மனிதன் புக அஞ்சிய சதுப்பினை இரும்பு யானைகள் எட்டே திங்களில் வென்றன என்பது அவர்தம் கூற்று. இதனைப் பாதி உண்மை என்றே நாம் கொள்கிறோம். எஞ்சிய பாதி மண்ணிலும், அம்மண்ணில் உழைத்தார் வரலாற்றிலும் புதைந்து கிடக்கிறது.

1941 டிசம்பர் 7-ஆம் நாள் சப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். கடல்வழி துண்டிக்கப்படின் அலாஸ்கா தனித்து நிற்குமே என்னும் அச்சம் அமெரிக்க அரசுக்கு எழுந்தது. 1942 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் இசைவளித்தார். மார்ச்சில் பணி தொடங்கிற்று. கனடாவின் டாசன் கிரீக் முதல் அலாஸ்காவின் டெல்ட்டா வரை ஏறத்தாழ 1,400 மைல். படைப்பிரிவின் பொறியியல் வீரர் பதினாயிரவருக்கு மேற்பட்டோர் இதில் ஈடுபட்டனர்.

தென்பகுதியில் அவர்களை மறித்தது 'மசுகெக்' எனப்படும் சதுப்பு. இது கிரீ மக்கள் மொழியினின்றும் ஆங்கிலம் ஏற்ற சொல். மேலே பாசியும் புல்லும் மெத்தைபோல் படர்ந்திருக்கும். கீழே நீரில் ஊறி அரைகுறையாய் மட்கிய தழை ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கும். அளறு, அள்ளல், உளை, தொளி எனச் சேற்றுக்குப் பல சொற்களுடைய நம் மொழியிலும் இதற்கு நேரான சொல் இல்லை. அத்தகு நிலம் நம்மிடம் அரிதாதலே காரணம் போலும். ஏறத்தாழ 20 டன் எடையுள்ள டி-8 புல்டோசர்கள் இச்சதுப்பில் அமிழ்ந்தன. ஒன்றை மீட்க மற்றொன்றை வடத்தாற் பிணித்து இழுக்க வேண்டியதாயிற்று. இரும்பு யானை என உவமிப்போர், களரில் கால் ஆழ்ந்த களிற்றை நரியும் கொல்லும் என்ற வள்ளுவர் கருத்தை மறந்தனர் போலும்.

ஆயினும் தென்பகுதிச் சதுப்புக்கு ஒரு தீர்வு இருந்தது. ஆழம் குறைந்த இடத்தில் சேற்றை வாரி எறிந்து கெட்டித்தரை கண்டபின் சரளை இட்டனர். ஆழம் மிக்க இடத்தைச் சுற்றிச் சென்றனர். சுற்ற இயலாதவழி மரங்களை வெட்டிக் குறுக்கே நெருக்கமாய் அடுக்கி, அவற்றின்மேல் மண் இட்டனர். இம்முறை மிகத் தொன்மையானது. அயர்லாந்தின் கோர்லியா சதுப்பில் கண்டெடுக்கப்பட்ட கருவாலிமரப் பாதை கி.மு. 148-ஐ ஒட்டியது என்பதை மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு கணித்துள்ளனர்.

வடக்கே நேர்ந்ததே ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. யூக்கான் எல்லையையும் அலாஸ்காவையும் நெருங்கியபோது நிலம் மேலோட்டத்தில் முன்போன்றே தோன்றிற்று. ஆதலின் முன்போன்றே பாசியை வழித்துக் கெட்டித்தரையைத் தேடினர். ஆனால் அப்பாசியின் அடியில் இருந்தது ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் மண். பாசிப் போர்வை வெயிலைத் தடுத்து அதனை உறைநிலையில் காத்து வந்தது. போர்வை நீங்கியதும் பனிக்கட்டி உருகிற்று; கீழ்மண் இன்னும் உறைந்திருந்தமையால் நீர் வடிய வழியில்லை; நேற்றைய கெட்டித்தரை இன்று குழம்பாயிற்று. தோண்டத் தோண்டச் சேறு பெருகிற்று. பொறி எத்துணை வலிமையுடன் இயங்கிற்றோ அத்துணை விரைவாகத் தன் சாலையைத் தானே அழித்தது எனலாம்.

பின்னரே முறை தலைகீழாயிற்று. பாசியைக் கிழிக்காது மரங்களைக் கையால் வெட்டினர்; வெட்டிய மரத்தையும் புதரையும் பாசியின்மேலேயே பரப்பினர்; அதன்மேல் சரளையைக் கொட்டிக்கொண்டே, கொட்டிய பரப்பின்மேல் மட்டும் பொறியைச் செலுத்தினர். பொறி தேவையற்றது என்பதன்று நம் கருத்து. அவ்வளவு சரளையைக் கையால் சுமந்திருக்க ஒண்ணாது. பொறி மண்ணுக்கு அடங்கிய பின்னரே சாலை நின்றது என்பதே நாம் வலியுறுத்துவது.

இவ்விடத்தில் சொல் வரலாறு ஒன்றும் உண்டு. இவ்வுறைநிலத்தைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் 'பெர்மாஃபிராஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல், சீமன் முல்லர் அமெரிக்கப் படைக்காகத் தொகுத்த நூலின்வழி 1943-இல்தான் வழக்குக்கு வந்தது. அந்நூலுக்கு அவர் உருசிய நூல்களையே பெரிதும் சார்ந்தார். சைபீரியாவில் இருப்புப்பாதை அமைத்த உருசியர் இம்மண்ணை முன்னரே அறிந்திருந்தனர். 1942-இல் அதனுள் புதைந்த வீரர்க்கோ அதனைச் சுட்ட வழக்கில் ஒரு பெயரும் இல்லை.

அவ்வீரருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். 93, 95, 97-ஆம் பொறியியல் படையணியினர். நிறவேற்றுமை படையின் விதியாகவே இருந்த காலம் அது. அலாஸ்காப் படைத்தலைவர் பக்னர் அவர்கள் வருகையையே எதிர்த்தார். 95-ஆம் அணியின் கனரகப் பொறிகள் வெள்ளையர் அணிக்கு மாற்றப்பட, அவ்வணியினர் கோடரியும் மண்வெட்டியும் கொண்டு உழைத்தனர். பொறியின் வெற்றி எனச் சாலையைப் புகழ்வோர், பொறி பறிக்கப்பட்டவரையும் சேர்த்தே மறைத்துவிடுகின்றனர். சிக்கானி சீஃப் ஆற்றின்மேல் அவ்வணியினர் நான்கு நாள்களுக்குள் மரப்பாலம் ஒன்றைக் கட்டி முடித்தனர்.

1942 அக்டோபரில் பீவர் கிரீக் அருகே வடக்கினின்று ஒரு புல்டோசரும் தெற்கினின்று ஒரு புல்டோசரும் காட்டைப் பிளந்துகொண்டு எதிர்ப்பட்டன. ஒன்றை ஓட்டியவர் 97-ஆம் அணியின் ரிஃபைன்ஸ் சிம்ஸ் என்னும் கறுப்பினத்தவர். மற்றொன்றை ஓட்டியவர் 18-ஆம் அணியின் ஆல்ஃபிரட் ஜலுஃப்கா என்னும் வெள்ளையர். இருவரும் கைகுலுக்கிய நிழற்படம் நாளேடுகளில் பரவிற்று. படையில் நிறவேற்றுமையை ஒழிக்கும் ஆணை 1948-இல்தான் பிறந்தது. சிக்கானி மரப்பாலம் 1992-இல் தீக்கிரையாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, அதே சாலையில் கெர்ஸ்டில் ஆற்றின்மேல் உள்ள பாலத்துக்குக் கறுப்பின வீரர் நினைவுப் பாலம் எனப் பெயரிட்டனர்.